எக்காளத்துக்கு ஓர் ஆற்றுப்படை

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மரக்காணம் செல்வோர் அனுமந்தையைக் கடந்தே செல்ல வேண்டும். சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில், அவ்வூரில் ஒரு குடும்பத்தாரின் புதுமனையை மந்திரிப்பதற்காகச் சென்றிருந்தேன். சடங்கும் விருந்தும் முடிந்து, வெயில் தாழட்டும் என்று காத்திருந்த வேளையில், உப்பளப் பக்கமிருந்து டிரம்பெட்டின் ஒலி கேட்டது. அது திருவிழாப் பாடலும் அன்று. திரைப்படப் பாடலும் அன்று. ஒரே ஒரு சுரம் எழுந்து, நீண்டு, நடுங்கி, அறுந்து, மீண்டும் எழுந்துகொண்டிருந்தது.

ஒலி வந்த திசையில் நடந்தேன். பாத்திகளில் உப்பு பூத்திருந்தது. அந்த வெண்மையின் கூச்சத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தபோது, வரப்பின்மேல் நின்று ஊதிக்கொண்டிருந்த ஒரு சிறுவன் தெரிந்தான். பதின்மூன்று வயதிருக்கும். தாய், தந்தை இருவரும் உப்பளத் தொழிலாளர்கள். டிரம்பெட், ஒரு பேண்டு செட்டில் வாசிக்கும் தாய்மாமனுடையது. கல்யாணத்துக்கோ சாவுக்கோ அழைப்பு இல்லாத நாள்களில் அது சிறுவனின் கைக்கு வரும். உப்புக்காற்றில் வால்வுகள் ஒட்டிக்கொள்ளும் என்பதால் தையல் இயந்திர எண்ணெயை ஒரு சிறு குப்பியில் உடன் வைத்திருந்தான்.

“ஏன் தம்பி, இந்த வெயிலில் இங்கே வந்து ஊதுகிறாய்?” என்றேன்.

“வீட்டுல ஊதுனா அக்கம்பக்கத்துல திட்டுறாங்க, சாமி. இங்க யாரும் கேக்க மாட்டாங்க.”

சற்று நேரம் தயங்கி நின்றான். பிறகு அவனே கேட்டான்: “சாமி, இதையே ஊதிக்கிட்டு இருந்தா எதுவரைக்கும் போகலாம்?”

“முதலில் படிப்பைப் பார். இதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பையன் தலையை ஆட்டிவிட்டு டிரம்பெட்டைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டான். வண்டியில் திரும்பும்போதே அந்தப் பதில் எனக்கு உறுத்தத் தொடங்கியது. அவன் கேட்டது அறிவுரை அன்று, வழி. வழி எனக்குத் தெரியவில்லை என்பதை மறைக்கவே அறிவுரை சொன்னேன். அன்பு வாசகர்களே, அந்தச் சிறுவனுக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடையைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

இந்தக் கரையும் ஒரு பாணனும்

வழி கேட்டு நின்ற கலைஞன் இக்கரைக்குப் புதியவன் அல்லன். பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம், இன்றைய மரக்காணமே என்று அறிஞர்கள் கருதுகின்றனர். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய அந்நூலில், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், எதிரே வரும் வறிய பாணனுக்கு வழி சொல்கிறான்: இன்ன ஊர் வழியே செல், இன்னார் உனக்கு உணவிடுவர், இன்னான் உன் கலையை அறிந்து போற்றுவான் என்று. அவன் தன் பழைய வறுமையையும் மறைப்பதில்லை. பசியால் மெலிந்த இல்லக்கிழத்தி, உப்புக்கும் வழியின்றி வேளைக் கீரையை வேகவைத்து, பிறர் கண்டுவிடக் கூடாதென்று கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்ட காட்சியை அவன் வாயாலேயே கேட்கிறோம். உப்பு விளையும் கரை வழியே செல்லும் பாணனின் கதையில் உப்பில்லாத கீரை வருவதை எண்ணிப் பார்க்கிறேன்.

ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை ஓர் உண்மையின்மேல் நிற்கிறது. கலை ஒருவனுக்குத் தானாக வாய்க்கலாம். ஆனால் கலைஞன் தானாக வாழ்ந்துவிட முடியாது. எங்கே கதவு திறந்திருக்கிறது என்பதை அவனுக்கு ஒருவர் சொல்ல வேண்டும். அந்தக் கதவையும் ஒருவர் திறந்து வைத்திருக்க வேண்டும்.

உதடே சீவாளி

சிறுவன் கையில் இருந்த வாத்தியத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. டிரம்பெட் என்பது மடித்து வளைத்த ஒரு பித்தளைக் குழாய். நேராக நீட்டினால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் இருக்கும். நாதஸ்வரத்துக்கு உள்ளது போன்ற சீவாளி இதற்கு இல்லை. ஊதுபவனின் உதடே சீவாளி. உதட்டின் அதிர்வும் வயிற்றிலிருந்து எழும் மூச்சும் சேர்ந்தே ஒலியாகின்றன. எனவே, இளமையில் தவறாகப் பழகிய உதட்டைப் பின்னாளில் திருத்துவது மிகக் கடினம். தொடக்கத்திலேயே நல்லாசிரியர் தேவைப்படும் வாத்தியம் இது.

திருவிவிலியத்தில் எரிகோவின் மதில்களைச் சுற்றி ஒலித்த எக்காளத்தை நாம் அறிவோம். போர்க்களத்திலும் அரச அவையிலும் நெடுங்காலம் முழங்கிய இனம் இது. ஐரோப்பாவில் அதை ஊதும் உரிமைகூட எல்லாருக்கும் இருக்கவில்லை. பேரரசர் இரண்டாம் பெர்டினாண்டு 1623ஆம் ஆண்டு எக்காளக் கலைஞர்களின் சங்கத்துக்கு உரிமைச் சாசனம் வழங்கினார். யார் கற்கலாம், யார் கற்பிக்கலாம் என்பதைச் சங்கமே வரையறுத்தது. அக்கால எக்காளத்துக்கு வால்வு கிடையாது. ஒரு குழாய் இயல்பாகத் தரும் சில சுரங்களையே அதில் எழுப்ப முடிந்தது.

வியன்னாவின் அரசவைக் கலைஞர் ஆன்டன் வைடிங்கர், குழாயில் துளைகளும் மூடிகளும் அமைத்து இந்தக் குறையைத் தீர்க்க முயன்றார். அவருக்காகவே 1796இல் யோசப் ஹைடன் இயற்றிய கச்சேரி இசை, 1800 மார்ச் 28 அன்று வியன்னாவில் அரங்கேறியது. உலகெங்கும் டிரம்பெட் பயிலும் மாணவர்கள் இன்றும் கடக்க வேண்டிய படி அது. பின்னர் ஷ்டோல்செல், புளூமெல் என்னும் இரு ஜெர்மானியர் 1818இல் வால்வுக்கு உரிமம் பெற்றனர். அதன்பின் எல்லாச் சுரங்களும் அந்தப் பித்தளைக் குழாய்க்கு வசப்பட்டன. அரண்மனைக்கு உரியதாக இருந்த வாத்தியம், 19ஆம் நூற்றாண்டில் ஆலை ஊர்களுக்கும் சுரங்க ஊர்களுக்கும் இறங்கி வந்தது. தொழிலாளர்கள் தம் ஊர்களில் பேண்டுகளை அமைத்து, மாலை வேளைகளில் வாசிக்கத் தொடங்கினர்.

சுரங்கத்திலிருந்து வந்த மூச்சு

அத்தகைய ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனே, 20ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த டிரம்பெட் கலைஞராகப் போற்றப்படும் மோரிஸ் ஆந்த்ரே. தென் பிரான்சின் அலேஸ் என்னும் நிலக்கரி ஊரில் 1933 மே 21 அன்று பிறந்தார். தந்தை பகலில் சுரங்கத்தில் உழைத்தவர்; ஓய்வு நேரத்தில் டிரம்பெட் வாசித்தவர். மகனுக்கு முதலில் வாத்தியத்தை அறிமுகப்படுத்தியவர் அவரே. ஆனால், தம்மால் கற்பிக்க முடிந்ததற்கு ஓர் எல்லை உண்டு என்று அந்தத் தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது. பாரிஸ் இசைக் கல்லூரியில் பயின்று, அவ்வூரில் வாழ்ந்துவந்த லியோன் பார்தெலமி என்னும் ஆசிரியரிடம் மகனை ஒப்படைத்தார்.

சிறுவனின் திறமை சுற்றத்தாருக்குத் தெரிந்திருந்தது. ஆயினும் பதினான்கு வயதில் அவரும் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுகள் நிலக்கரித் தூசியில் உழைத்தார். மூச்சே முதலாகக் கொண்ட ஒரு கலைஞன், தன் வளரிளம் பருவத்தை அந்தத் தூசியில் கழித்தான். பாரிசுக்கு அனுப்பி வைத்துப் படிக்கச் செய்யும் வசதி குடும்பத்துக்கு இல்லை. அப்போது ஒரு வழி சொல்லப்பட்டது: படையில் சேர்ந்து, படைப்பிரிவின் பேண்டில் வாசித்தால், அரசின் செலவில் பாரிஸ் இசைக் கல்லூரியில் படிக்கலாம். 1951இல் அவ்வாறே சென்றார்.

கல்லூரியில் அவருடைய ஆசிரியர் ரேமோன் சபாரிச். தொடக்க நாள்களில் ஒருமுறை, வாசிப்பு போதாது, நன்றாக வாசிக்க முடியும்போது வா என்று கண்டித்து அனுப்பிவிட்டார். சில வாரங்கள் கழித்துத் திரும்பிய மாணவர், ஆர்பான் என்பவரின் புகழ்பெற்ற பாடநூலின் இறுதியில் உள்ள பதினான்கு கடினமான பயிற்சிகளையும் பிழையின்றி வாசித்துக் காட்டினார். மோரிஸ் ஆந்த்ரே பிறந்தது அன்றுதான் என்று ஆசிரியர் பிற்காலத்தில் சொல்வதுண்டு. 1952இல் கார்னெட் வாத்தியத்திலும் 1953இல் டிரம்பெட்டிலும் கல்லூரியின் உயர்ந்த பரிசுகளைப் பெற்றார்.

அதன்பின் நடந்தவை விரைவாகவே நடந்தன. 1953இல் பாரிசின் லாமூரு சிம்பொனி இசைக்குழுவில் தலைமை டிரம்பெட் கலைஞரானார். வானொலி இசைக்குழுவிலும் ‘ஒப்பேரா கொமிக்’ அரங்கிலும் பணியாற்றினார். 1955இல் ஜெனீவாவில் நடந்த பன்னாட்டுப் போட்டியில் முதற்பரிசு பெற்றார். 1963இல் மியூனிக் நகரின் பன்னாட்டுப் போட்டிக்கு நடுவராக வருமாறு அழைத்தபோது, நடுவர் இருக்கையை விட்டுப் போட்டியாளராகவே கலந்துகொண்டு அதிலும் முதலிடம் பெற்றார். இயல்பான டிரம்பெட்டில் பாதி நீளமே கொண்ட சிறு டிரம்பெட்டில், பாக், டெலமான் முதலியோரின் பழைய இசைக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். 1967முதல் 1978வரை, தாம் பயின்ற கல்லூரியிலேயே பேராசிரியராக இருந்தார். 2012 பிப்ரவரி 25 அன்று மறைந்தார்.

இக்கதையைத் திறமையின் வெற்றி என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அவ்வாறு முடிக்க மனம் வரவில்லை. அலேஸ் சுரங்கங்களில் அந்த நான்கு ஆண்டுகளில் இறங்கிய சிறுவர்கள் பலர். அவர்களுள் நல்ல மூச்சும் நல்ல செவியும் உடையவன் அவர் ஒருவரே என்று நம்புவதற்கில்லை. ஊரில் ஒரு நல்லாசிரியர் இருந்தார்; அவரைத் தேடிச் செல்லத் தெரிந்த தந்தை இருந்தார்; ஏழைக்குத் திறந்திருந்த படைப்பிரிவின் கதவு ஒன்று இருந்தது. இம்மூன்றில் ஒன்று இல்லாதிருந்தாலும் மோரிஸ் ஆந்த்ரே தந்தையைப் போல மாலையில் மட்டும் வாசித்த ஒரு சுரங்கத் தொழிலாளியாகவே முடிந்திருப்பார்.

கோவாவின் பங்குப் பள்ளிகள்

“பிரான்சு வேறு, நம் நாடு வேறு” என்று வாசகர்கள் கூறக்கூடும். ஆனால், நம் நாட்டிலேயே இத்தகைய கதவு ஒன்று நெடுங்காலம் திறந்திருந்தது. அதைத் திறந்து வைத்தது படையன்று, பங்கு ஆலயம்.

போர்த்துக்கீசியர் 1510இல் கோவாவைக் கைப்பற்றிய பின், 16ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆலயங்களை ஒட்டிப் பங்குப் பள்ளிகள் தோன்றின. ‘மெஸ்த்ரி’ என்று அழைக்கப்பட்ட இசையாசிரியர், ஊர்ச் சிறுவர்களுக்குச் சுரங்களை எழுதவும் எழுதியதைப் பார்த்துப் பாடவும் கற்பித்தார். அதன்பின் வயலினோ ஊதுவாத்தியமோ கைக்கு வரும். ஞாயிறு திருப்பலியின் பாடகற்குழுவும் திருவிழாவின் பேண்டும் அவர் பொறுப்பு. அவருக்கு ஊதியம் ஆலய நிதியிலிருந்து வந்தது. குழந்தையின் தந்தை உழவரா, மீனவரா, தச்சரா என்று பள்ளி பார்க்கவில்லை.

இதன் மறுபக்கத்தையும் ஒரு குருவாகிய நான் சொல்லியாக வேண்டும். இதே கோவாவில், சமய விசாரணை மன்றம் 1736இல் வெளியிட்ட ஆணை, திருமண வீடுகளில் மக்கள் காலங்காலமாகப் பாடிவந்த பாடல்களையும் இசைத்துவந்த கருவிகளையும் தடை செய்தது. ஒரு கை புதிய இசையைக் கொடுத்தபோது, மறு கை பழைய இசையைப் பறித்தது. வரலாற்றை எழுதும்போது இரு கைகளையும் காட்டுவதே நேர்மை.

ஆயினும் பங்குப் பள்ளியில் படித்த சிறுவர்களுக்கு ஒரு செல்வம் கிடைத்தது. காகிதத்தில் எழுதிய இசையைக் கண்டதும் வாசிக்கும் ஆற்றல் அது. அதை நம்பியே கோவா இளைஞர்கள் கப்பலேறியும் இரயிலேறியும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் இரங்கூனுக்கும் சென்றனர். படைப்பிரிவுகளின் பேண்டுகள், சமஸ்தானங்களின் பேண்டுகள், விடுதிகளின் நடனக் குழுக்கள், பேசாப் படங்கள் ஓடிய அரங்குகள் ஆகியவை அவர்களுக்கு வேலை தந்தன. 1931இல் ‘ஆலம் ஆரா’ வெளிவந்து படங்கள் பேசத் தொடங்கியதும் அரங்கு வேலை போயிற்று. ஆனால் திரைப்பட இசைக்கூடங்களின் கதவு திறந்தது.

அல்டோனா என்னும் கோவா ஊரில் 1916இல் பிறந்த அந்தோனியோ சேவியர் வாஸ், பங்குப் பள்ளியின் பிள்ளை. மகன் மெக்கானிக் ஆக வேண்டும் என்பது தாயின் விருப்பம். மகன் டிரம்பெட்டை விடவில்லை. ‘சிக் சாக்லேட்’ என்ற பெயரில் மும்பை தாஜ் விடுதியில் சொந்தக் குழுவோடு வாசித்தார். ‘இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்’ என்று மக்கள் அவரை அழைத்தனர். இசையமைப்பாளர் சி. இராம்சந்திராவோடு பணியாற்றினார். 1951இல் வந்த ‘அல்பேலா’ படத்தில் அவரும் குழுவினரும் திரையிலேயே தோன்றுகின்றனர். 1967இல் மறைந்தார். பிராங்க் பெர்னாண்டு என்னும் மற்றொரு டிரம்பெட் கலைஞரோ, மும்பை இசைக்கூடங்களில் உழைத்து, 1963இல் ‘ஆம்செம் நொசீப்’ என்னும் கொங்கணிப் படத்தையும் உருவாக்கினார்.

மஜோர்டா ஊரில் ஆலயப் பாடகற்குழுத் தலைவரின் மகனாக 1927இல் பிறந்த அந்தோணி கொன்சால்வசு, வயலின் கலைஞராக மும்பை வந்து, 1958இல் நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்களைக் கொண்ட ‘இந்திய சிம்பொனி இசைக்குழு’வைத் தூய சவேரியார் கல்லூரி வளாகத்தில் அரங்கேற்றினார். அவரிடம் வயலின் கற்ற பியாரேலால், டிரம்பெட் கலைஞர் இராம்பிரசாத் சர்மாவின் மகன். இலட்சுமிகாந்த் பியாரேலால் இரட்டையருள் ஒருவராகப் புகழ்பெற்றபின், 1977இல் வந்த ‘அமர் அக்பர் அந்தோணி’ படப் பாடல் ஒன்றில் தம் ஆசிரியரின் பெயரையே முழுதாக ஒலிக்கச் செய்தார். நாடு முழுவதும் அந்தப் பாடலைப் பாடியது. அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டவர் குறைவு. அந்தக் காலத்து இசைக்கூடக் கலைஞர்களின் நிலையும் அதுவே. அவர்களுடைய மூச்சு இசைத்தட்டில் இருக்கும். பெயர் அட்டையில் இருக்காது.

நம் நாட்டுப் பாதை

தமிழகத்துக்கும் இவ்வகைக் கதவுகள் அயலானவை அல்ல. தஞ்சையில் 1798முதல் 1832வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர், அரண்மனையில் மேற்கத்திய இசை வாசிக்கும் பேண்டு ஒன்றை வைத்துப் போற்றினார். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பேண்டுகளின் மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழிச் சொற்களை அமைத்தவை ‘நோட்டுசுவர சாகித்தியங்கள்’ என்று இன்றும் பாடப்படுகின்றன. அன்றே நம் செவி அந்நிய ஒலியைக் கண்டு அஞ்சவில்லை.

நம் நாதஸ்வர மரபையும் எண்ணிப் பாருங்கள். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இளமையில் தந்தையை இழந்தவர். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை ஆதீனத்து வித்துவானாக இருந்ததால், இசை கற்க அவருக்கு ஒரு நிழல் கிடைத்தது. அந்த நிழலின் பின்னே கோவில் நிலங்களின் விளைச்சல் இருந்தது. இசையைத் தந்தவர் ஆசிரியர். ஆசிரியருக்கு நெல்லைத் தந்தது நிறுவனம்.

நம் பங்குகளில் என்ன நடந்தது? தேர்பவனிக்கும் கொடியேற்றத்துக்கும் பேண்டு இல்லாமல் முடியாது. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை கூலி பேசி அழைக்கிறோம்; வாசித்து முடித்ததும் பந்தியில் கடைசியில் உணவளித்து அனுப்பிவிடுகிறோம். அவர்களுள் பலர் ஒடுக்கப்பட்ட மக்கள். சாவுக்கும் அவர்களே வாசிப்பதால், அந்தக் கலையையே தாழ்வாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் ஊறியிருக்கிறது. அவர்களுடைய பிள்ளைகள் செவிவழியாகவே கற்கின்றனர். செவி கூர்மையாகிறது, ஏட்டில் எழுதிய இசை மட்டும் எட்டாமலே போகிறது. கோவாச் சிறுவனுக்கு மும்பையின் கதவைத் திறந்தது அந்த ஏடு என்பதை நினைத்தால், இழப்பின் அளவு புரியும்.

இன்றும் இந்த வெற்றிடம் கண்கூடு. மும்பையில் 2006இல் இந்திய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா தொழில்முறைக் குழுவாகத் தொடங்கியபோது, கஜகஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து பெருமளவில் கலைஞர்களை வரவழைக்க வேண்டியிருந்தது. நூறு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாட்டில் மூச்சுக்கா பஞ்சம்? பயிற்சிக்குத்தான் பஞ்சம்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. வெனிசுவேலா நாட்டில் யோசே அந்தோனியோ அப்ரேயு 1975இல் தொடங்கிய ‘எல் சிஸ்தேமா’ இயக்கம், ஏழைக் குழந்தைகளுக்கு வாத்தியமும் பயிற்சியும் இலவசமாகத் தந்தது. அதில் வளர்ந்த பாச்சோ புளோரஸ், மோரிஸ் ஆந்த்ரேயின் பெயரால் நடந்த பன்னாட்டு டிரம்பெட் போட்டியிலேயே முதற்பரிசு பெற்றார். சென்னையில் ஏ. ஆர். ரகுமான் 2008இல் நிறுவிய கே. எம். இசைக் கல்லூரியைச் சார்ந்து, வசதியற்ற குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மேற்கத்திய இசையை இலவசமாகக் கற்பிக்கும் ‘சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா’ உருவாயிற்று. பண்ணைப்புரத்துச் சிறுவராக அண்ணனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று, பின் மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் எழுத்திசை கற்ற இளையராஜா, 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு தம் சிம்பொனியை ஒலிக்கச் செய்தார். ‘எதுவரைக்கும் போகலாம்’ என்ற கேள்விக்கு இவையெல்லாம் விடைகளே.

தந்தையின் கேள்வி

இவற்றையெல்லாம் மனத்தில் நிரப்பிக்கொண்டு, கார்த்திகை மாதத்தில் மீண்டும் அனுமந்தைக்குச் சென்றேன். பாத்திகள் மழைநீரில் மூழ்கிக் கிடந்தன. உப்பளத்தில் வேலையில்லாத மாதங்கள் அவை. சிறுவனின் தந்தை வீட்டில் இருந்தார். சுரங்கத்துச் சிறுவனின் கதையைச் சொன்னேன். கோவாவைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். இறுதியில் ஒன்றே ஒன்று கேட்டார்:

“எல்லாம் சரிங்க சாமி. வாத்தியாருக்குச் சம்பளம் யாரு குடுக்கிறது?”

நான் படித்த வரலாறு முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டது. அலேஸ் சிறுவனுக்குப் படைப்பிரிவு கொடுத்தது. அல்டோனாச் சிறுவனுக்கு ஆலயம் கொடுத்தது. இராஜரத்தினத்துக்கு ஆதீனம் கொடுத்தது. சிறுபாணனுக்கு நல்லியக்கோடன் கொடுத்தான். குருமடத்தில் எனக்கு ஆர்மோனியமும் சுரவரிசையும் கற்பித்த ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தவரும் என் தந்தை அல்லர், மறைமாவட்டமே கொடுத்தது. அந்தக் கொடையில் கற்ற நான்தான், உப்பளத்து வரப்பில் நின்ற பிள்ளையிடம் ‘முதலில் படிப்பைப் பார்’ என்றேன்.

படிப்பு வேண்டாம் என்று இப்போதும் சொல்லமாட்டேன். டிரம்பெட் ஊதும் எல்லாரும் சிம்பொனி இசைக்குழுவில் அமரப்போவதில்லை. அவ்வாறு ஆசை காட்டுவதும் பாவம். கோவாப் பள்ளிகளில் கற்ற ஆயிரமாயிரம் சிறுவர்களில் பெரும்பாலோர் உழவராகவும் மாலுமியாகவும் எழுத்தராகவுமே வாழ்ந்தனர். ஞாயிறன்று பாடகற்குழுவில் நின்று பாடினர். அது வீண் என்று எவரும் சொல்லார். அந்தப் பரப்பு இருந்ததால்தான் அதிலிருந்து சிலர் உயர முடிந்தது.

நம் திருவிழாக் கணக்கை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஒலிபெருக்கிக்கும் மின்விளக்குத் தோரணத்துக்கும் வாணவேடிக்கைக்கும் செலவிடும் தொகையில் ஒரு பங்கை ஒதுக்கினால், சுரம் எழுதத் தெரிந்த ஓர் ஆசிரியர் வாரம் ஒருமுறை வந்து கற்பிக்கலாம். பேண்டுக் கலைஞர்களின் பிள்ளைகளே அவரிடம் முதல் வரிசையில் அமர வேண்டியவர்கள். இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. மறைக்கல்வி நடக்கும் மரத்தடியே போதும். அடுத்த திருவிழாக் கூட்டத்தில் இதை முன்வைக்க இருக்கிறேன். எதிர்ப்பு வரும் என்றும் அறிவேன். சென்னையில் இசை கற்பிக்கும் நண்பர் ஒருவருக்கு மடலும் எழுதியிருக்கிறேன்.

அன்று நான் விடைபெறும்போது சிறுவன் டிரம்பெட்டை எடுத்து வந்தான். மழை விட்டிருந்தது. பங்குனியில் ஊதிய அதே சுரத்தை ஊதிக் காட்டினான். நடுக்கம் இல்லை, அறுபடவும் இல்லை. மூழ்கிக் கிடந்த பாத்திகளின் மேல் அது நெடுநேரம் நின்றது. எட்டு மாதங்கள் தானாகவே உழைத்து அந்த ஒரு சுரத்தை நிலைநிறுத்தியிருக்கிறான். அதற்கு அடுத்த சுரத்தைச் சொல்லித்தர அவனுக்கு இன்னும் யாரும் இல்லை.